நீல டிக்குக்கு சுவிட்ச் உண்டு, நீல வட்டத்துக்கு இல்லை

2014 நவம்பர் தொடக்கத்தில் வாட்ஸ்அப்பில் இரண்டு சாம்பல் நிற டிக்குகள் நீலமாக மாற ஆரம்பித்தன. அந்தப் பக்கம் இருப்பவர் செய்தியைத் திறந்து பார்த்துவிட்டார் என்று அர்த்தம். அதற்கு முந்தைய நாள் வரை "இப்பதான் பார்க்கிறேன், போன் சார்ஜ்ல கிடந்துச்சு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடிந்தது. மேலதிகாரியிடம், கைமாற்று கொடுத்தவரிடம், கல்யாணப் பத்திரிகை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஒன்றுவிட்ட மாமாவிடம். அந்தச் சின்னப் பொய்க்கான இடம் திடீரென்று இல்லாமல் போனது. உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்தது. அந்த மாதம் முடிவதற்குள் ஆண்ட்ராய்டில் நீல டிக்கை அணைக்க ஒரு வழி வந்துவிட்டது. நிபந்தனை ஒன்றுதான்: நான் படித்தது உனக்குத் தெரியக் கூடாது என்றால், நீ படித்ததும் எனக்குத் தெரியாது. நியாயமான கணக்கு.

பத்து வருடம் கழித்து, 2024 ஜூனில், இந்தியாவில் அதே செயலிக்குள் இன்னொரு நீலம் வந்தது. திரையின் ஓரத்தில் ஒரு வட்டம். மெட்டா ஏஐ, அதாவது ஃபேஸ்புக் என்ற பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்ட, வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு உதவியாளர். 2025 மார்ச்சில் ஐரோப்பாவுக்கும் போனது. எடுக்க முடியவில்லையே என்று அங்கே பலரும் கேட்டபோது, இது முழுக்க அவரவர் விருப்பம், வேண்டாம் என்றால் பயன்படுத்தாமல் இருக்கலாம் என்பதுதான் நிறுவனம் தந்த பதிலின் சாரம். சரி, அந்த வட்டத்தையே எடுத்துவிடலாமா? அதற்கு வழி கொடுக்கவில்லை. உங்கள் வீட்டு வாசலில் கடையைப் போட்டுவிட்டு, "வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தலையே" என்று சொல்வது மாதிரி இருந்தது.

ஒரே செயலி. இரண்டுமே யாரும் கேட்காமல் வந்தவை. ஒன்றுக்குச் சில நாளில் சுவிட்ச் கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று பார்த்தால், சமூக ஊடகங்களின் பிரைவசி செட்டிங்ஸ் மொத்தமும் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதே கொஞ்சம் விளங்கும்.

நீல டிக் நம்மை இன்னொரு மனிதரிடம் காட்டிக்கொடுத்தது. அதை மறைப்பதால் நிறுவனத்துக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. நீங்கள் படித்தீர்களா என்று உங்கள் மாமாவுக்குத் தெரியாவிட்டாலும், சர்வருக்கு நீங்கள் ஆன்லைனில் வந்தது தெரியும். நீல வட்டம் அப்படி இல்லை. அது நிறுவனம் தன் புதிய தொழிலுக்காகத் திறந்திருக்கும் கடை. அதை மறைக்க விட்டால் விற்பனை குறையும். சக மனிதர் கண்ணிலிருந்து மறைய எத்தனை திரை வேண்டுமானாலும் கொடுப்பார்கள். கடைக்காரர் கண்ணிலிருந்து மறையத் திரை கேட்டால்தான் தயக்கம்.

முதல் வகைத் திரைகளை எண்ணிப் பாருங்கள். கடைசியாக எப்போது வந்தீர்கள் என்பதை மறைக்கலாம். யாரும் கேட்காமல் உங்களைக் குழுவில் சேர்ப்பதைத் தடுக்கும் வசதி 2019-இல் வந்தது. ஆன்லைனில் இருப்பதையே மறைக்கும் வசதி 2022-இல் அறிவிக்கப்பட்டது. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை ஓசையில்லாமல் ஆக்குவது 2023-இல். இவை எல்லாமே உண்மையிலேயே பயனுள்ளவை, அதில் சந்தேகம் இல்லை. குறிப்பாக, முன்பின் தெரியாதவர்கள் குழுவில் இழுத்துப் போடுவதும், ராத்திரி பதினொரு மணிக்கு வீடியோ கால் செய்வதும் பெண்களுக்கு எவ்வளவு பெரிய தொல்லை என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் ஒன்றுகூட நிறுவனத்துக்கும் நமக்கும் நடுவில் நிற்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த வழக்கம் வாட்ஸ்அப்பில் தொடங்கியதும் இல்லை. 2006 செப்டம்பர் 5 அன்று ஃபேஸ்புக் 'நியூஸ் ஃபீட்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவரை நண்பர் என்ன செய்கிறார் என்று தெரிய அவருடைய பக்கத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். அன்று முதல் யார் யாரோடு சேர்ந்தார், யார் யாரைப் பிரிந்தார், யார் எந்தப் படத்தைப் போட்டார் என்பதெல்லாம் எல்லார் முகப்பிலும் வரிசையாக வந்து விழுந்தது. அன்றைக்கு அது பெரும்பாலும் மாணவர்கள் புழங்கிய இடம். நியூஸ் ஃபீடுக்கு எதிராக ஃபேஸ்புக்கிலேயே ஒரு குழுவைத் தொடங்கினார்கள். சில நாளில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். மார்க் ஜக்கர்பெர்க் முதலில் எழுதிய பதிவின் தலைப்பு, அமைதியாக இருங்கள், மூச்சு விடுங்கள், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம் என்ற தொனியில் இருந்தது. எரிகிற அடுப்பில் எண்ணெய். மூன்று நாளில் தொனி மாறியது. இதில் நிஜமாகவே சொதப்பிவிட்டோம் என்று திறந்த மடல் எழுதி, யாருக்கு எது தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செட்டிங்ஸைச் சேர்த்தார்.

ஆனால் ஃபீட் போகவில்லை. அந்த எதிர்ப்புக் குழு அத்தனை வேகமாக வளர்ந்ததற்கே காரணம் நியூஸ் ஃபீடுதான். உங்கள் நண்பர் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்த செய்தியை அதுதானே உங்கள் முகப்பில் கொண்டுவந்து போட்டது. மக்கள் திட்டுகிறார்கள், ஆனால் முன்னைவிட அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள். இதைப் பார்த்த நிறுவனம் என்ன பாடம் கற்றிருக்கும்? முதலில் போடு, கத்தினால் ஒரு செட்டிங் கொடு, வசதியை மட்டும் எடுக்காதே. பின்னாளில் நடந்த பலவற்றைப் பார்க்கும்போது இந்தப் பாடத்தை யாரும் மறந்த மாதிரி தெரியவில்லை.

2009 டிசம்பரில் ஃபேஸ்புக் செட்டிங்ஸை மாற்றியமைத்தபோது, அதுவரை மறைத்து வைத்திருந்த நண்பர் பட்டியல் போன்ற சில விவரங்கள் பொதுவில் வந்துவிட்டன. அடுத்த ஆண்டு மே மாதம் நியூயார்க் டைம்ஸ் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. ஒருவர் தன் தகவலை முழுதாகக் கட்டுப்படுத்த 50 செட்டிங்ஸ், அவற்றுக்குள் 170-க்கும் மேற்பட்ட தேர்வுகள். பிரைவசி கொள்கை 5,830 சொல். பிற்காலத் திருத்தங்களை விட்டுவிட்டால் அமெரிக்க அரசியல் சாசனம்கூட அதைவிடச் சின்னது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2011-இல் இதற்காக ஃபேஸ்புக்கிடம் ஓர் உடன்பாடு வாங்கியது. அந்த உடன்பாட்டை மீறியதாக 2019-இல் விதித்த அபராதம் 500 கோடி டாலர்.

கூகுளும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டது. 2010 பிப்ரவரியில் ஜிமெயிலுக்குள் 'பஸ்' என்ற சமூக வலையைத் திணித்தது. நீங்கள் யாருக்கு அடிக்கடி மின்னஞ்சல் அனுப்புகிறீர்களோ அவர்களையே நீங்கள் பின்தொடர்பவர்களாக அது தானாகச் சேர்த்தது. அந்தப் பட்டியல் மற்றவர்கள் பார்க்கும்படியும் இருந்தது. வக்கீலுக்கு எழுதியவர், மனநல மருத்துவருக்கு எழுதியவர், முன்னாள் கணவருக்கு எழுதியவர் என்று யோசித்தால் விபரீதம் புரியும். சில நாளிலேயே மாற்றினார்கள். அடுத்த ஆண்டு பஸ்ஸையே மூடினார்கள்.

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். 2014-இல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்கும்போது அறிவித்த விலை 1,900 கோடி டாலர். அதுவரை வாட்ஸ்அப்பின் பெருமையே விளம்பரம் இல்லை என்பதுதான். நிறுவனர்கள் ஜான் கூமும் பிரையன் ஆக்டனும் 2012-இல் ஏன் விளம்பரம் விற்பதில்லை என்று தனிப் பதிவே எழுதியிருந்தார்கள். 2016 ஆகஸ்டில் கொள்கை மாறியது. பயனரின் தொலைபேசி எண் உள்ளிட்ட கணக்கு விவரங்கள் ஃபேஸ்புக்கோடு பகிரப்படும் என்றது புதிய கொள்கை. மறுக்க ஒரு கட்டம் இருந்தது. ஆனால் அது நேராகக் கண்ணில் படாது. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பெரிய பொத்தானை உடனே அழுத்தாமல், முழு விதிமுறையையும் படிக்கத் திறந்தால்தான் தெரியும். அதில் ஏற்கெனவே டிக் போட்டிருக்கும், நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டவர்களுக்கு 30 நாள் கூடுதல் அவகாசம். முப்பத்தொன்றாவது நாள் கதவு மூடியது. புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்தக் கதவே கிடையாது.

இரு நிறுவனக் கணக்குகளையும் தானாக இணைப்பது நம்பகமாகச் சாத்தியமில்லை என்று 2014-இல் சொல்லித்தான் ஃபேஸ்புக் இந்த வாங்கலுக்கு ஐரோப்பாவில் அனுமதி பெற்றிருந்தது. அது சாத்தியம் என்று அப்போதே அதன் ஊழியர்களுக்குத் தெரியும் என்று கண்டறிந்து, 2017 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் போட்டது. இந்தியாவில் இரண்டு மாணவர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வரை சென்றது.

2021 ஜனவரியில் இன்னொரு திருத்தம். இந்த முறை கட்டமே இல்லை. பிப்ரவரி 8-க்குள் ஒப்புக்கொள், இல்லாவிட்டால் கணக்கைப் பயன்படுத்த முடியாது என்ற அறிவிப்பு. அந்த வாரம் நம் குழுக்களில் நடந்த கலவரம் பலருக்கு நினைவிருக்கும். "எல்லாரும் சிக்னலுக்கு வாங்க" என்று ஒருவர், "டெலிகிராம் போதும்" என்று இன்னொருவர், "எனக்கு ஒண்ணும் புரியல, நான் இங்கேயே இருக்கேன்" என்று அத்தை. கடைசியில் அத்தைதான் ஜெயித்தார். வாட்ஸ்அப் கெடுவை மே 15-க்குத் தள்ளியது, பிறகு யாருடைய கணக்கையும் முடக்கவும் இல்லை. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள், ஏனென்றால் அத்தை இங்கேதான் இருந்தார். எரிவாயு சிலிண்டர் பதிவும், பள்ளிக்கூடக் குழுவும், மளிகைக்கடை ஆர்டரும் இருக்கும் இடத்தை விட்டு ஒருவர் தனியாகக் கிளம்ப முடியாது. இந்தியப் போட்டி ஆணையம் பிடித்ததும் இந்த இடத்தைத்தான். இத்தனை பெரிய நிறுவனம் 'ஏற்றுக்கொள், இல்லையேல் விலகு' என்று நிபந்தனை போடுவதை விருப்பத்தின் பேரில் கொடுத்த சம்மதம் என்று சொல்ல முடியாது என்றது. 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காகத் தகவல் பகிர ஐந்தாண்டுத் தடையும் போட்டது. மேல்முறையீட்டில் ஓராண்டுக்குப் பிறகு தடை நீக்கப்பட்டது, அபராதம் நிலைத்தது. இதற்கு நடுவே 2025 ஜூனில், ஸ்டேட்டஸ் பகுதியில் விளம்பரம் வரும் என்ற அறிவிப்பும் வந்துவிட்டது.

இவ்வளவிலும் உண்மையான அதிகாரம் இருப்பது எங்கே என்றால், நாம் தொடுவதற்கு முன் பொத்தான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில். டீஃபால்ட் என்று சொல்கிறோமே, அது. செட்டிங்ஸ் பக்கம் போகாதவரே அதிகம். 2003-இல் இரண்டு ஆய்வாளர்கள் உடலுறுப்பு தானத்தை வைத்து இதைக் காட்டினார்கள். தானம் செய்ய விரும்புபவர் பதிவு செய்ய வேண்டும் என்ற ஜெர்மனியில் சம்மதம் 12 சதவீதம். விரும்பாதவர்தான் பதிவு செய்ய வேண்டும் என்ற பக்கத்து ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். இரண்டு நாட்டு மக்களின் மனசாட்சிக்குள் அவ்வளவு வித்தியாசம் இருக்க முடியாது. படிவம்தான் வேறு.

ஆப்பிள் 2021 ஏப்ரலில் இதையே ஐபோனில் செய்தது. மற்ற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர விரும்பும் ஒவ்வொரு செயலியும் நேரடியாகக் கேட்டாக வேண்டும், கேட்காவிட்டால் அனுமதி இல்லை என்று விதித்தது. எங்கேயோ ஆழத்தில் புதைந்திருந்த கேள்வி திரைக்கு நடுவில் வந்து நின்றது. இதனால் 2022-இல் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருவாய் குறையும் என்று மெட்டாவே முதலீட்டாளர்களிடம் சொன்னது. அந்தத் தொகை முழுவதும், அதுவரை யாரும் நம்மைக் கேட்காமல் இருந்ததன் விலை.

டீஃபால்ட் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு என் மனதில் நிற்கும் உதாரணம் வாட்ஸ்அப் பேக்கப்தான். செய்திகள் 2016 ஏப்ரலிலிருந்தே அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டும் தெரியும்படி பூட்டப்படுகின்றன. அந்தப் பூட்டு தானாக விழுகிறது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதே உரையாடல்கள் கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ பேக்கப் ஆகும்போது, அதே மாதிரிப் பூட்டு 2021-இல்தான் வந்தது. அதுவும் நாமே தேடிப் போய் ஆன் செய்தால்தான் விழும். நம்மைக் காப்பது ஆஃப், அவர்களுக்கு ஆதாயமானது ஆன். லிங்க்ட்இன் 2024 செப்டம்பரில் நம் பதிவுகளை ஏஐ பயிற்சிக்கு எடுக்கும் பொத்தானை ஆன் செய்தே வைத்திருந்தது. எக்ஸ் தளம் அதே ஆண்டு ஜூலையில் தன் ஏஐயான குரோக்குக்காக அதையே செய்து, ஆகஸ்டில் அயர்லாந்து உயர் நீதிமன்றத்தில் ஐரோப்பியர்களின் தகவலைப் பயன்படுத்துவதை நிறுத்தி வைக்க ஒப்புக்கொண்டது. கவனியுங்கள், ஐரோப்பியர்களின் தகவலை. 2018 மேயிலிருந்து அங்கே டீஃபால்ட்டே பிரைவசிக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

இப்படியே பழகினால் நம்பிக்கை செத்துவிடும். 2025 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் இருப்பிடம் பகிர்வது உண்மையிலேயே ஆஃப் நிலையில்தான் இருந்தது. ஆனாலும் "உங்கள் வீடு எங்கே என்று எல்லாருக்கும் தெரிகிறது" என்ற எச்சரிக்கைகள் பறந்தன. பலமுறை புலி வந்த ஊரில், பூனை வந்தாலும் ஓடத்தான் செய்வார்கள்.

அந்தப் பயத்தில்தான் ஃபார்வர்டுகள் பிறக்கின்றன. "என் படங்களைப் பயன்படுத்த மெட்டாவுக்கு அனுமதி இல்லை" என்று அறிவித்துப் பதிவு போட்டால் சட்டப்படி செல்லும் என்ற வதந்தி 2012 வாக்கிலிருந்து சுற்றுகிறது. 2024 செப்டம்பரில் அது ஏஐ வேடம் போட்டு வந்தபோது, ஹாலிவுட் நடிகர்கள்கூடப் பகிர்ந்தார்கள். அதற்கு எந்த மதிப்பும் இல்லை. கணக்கு தொடங்கும்போது ஒப்புக்கொண்டதை ஒரு ஸ்டேட்டஸால் திருப்பி வாங்க முடியாது. "குழுவின் எல்லாச் செய்திகளையும் ஏஐ படிக்கிறது, உடனே மேம்பட்ட சாட் பிரைவசியை ஆன் செய்யுங்கள்" என்ற ஃபார்வர்டும் பாதி உண்மைதான். குழுவில் யாராவது மெட்டா ஏஐயைப் பெயர் சொல்லி அழைத்தாலோ, அதனிடம் எதையாவது பகிர்ந்தாலோதான் அந்தச் செய்தி அதற்குப் போகும். 2025 ஏப்ரலில் வந்த அந்த செட்டிங், குழுவுக்குள் ஏஐயை அழைப்பதையும், உரையாடலை வெளியே ஏற்றுமதி செய்வதையும் தடுக்கும். ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியாகப் போட வேண்டும். உண்மையில் பார்த்துக்கொள்ள வேண்டியது, நீங்களே அந்த வட்டத்துக்குள் போய் என்ன கேட்கிறீர்கள் என்பதை. சர்க்கரை அளவு, கடன் தொல்லை, மகளின் வரன் என்று அங்கே எழுதுவது மெட்டாவுக்குப் போகிறது. 2025 டிசம்பர் 16 முதல், ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, ஏஐயோடு பேசுவதை விளம்பரம் காட்டவும் பயன்படுத்துகிறார்கள். வாட்ஸ்அப் கணக்கை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமோடு 'அக்கவுன்ட்ஸ் சென்டரில்' இணைக்காதவருக்கு அந்தப் பேச்சு அங்கே போய்ச் சேராது. இணைக்கச் சொல்லிக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தவறான வழி ஜிபி வாட்ஸ்அப் போன்ற போலிப் பதிப்புகள். நீல டிக்கும் மறையும், அழித்த செய்தியும் தெரியும் என்று இளைஞர்கள் போட்டுக்கொள்கிறார்கள். பெரிய நிறுவனத்திடமிருந்து தப்பிப்பதாக நினைத்து, முகம் தெரியாத யாரோ ஒருவரிடம் மொத்தச் சாவியையும் கொடுக்கிற வேலை அது. அப்டேட் செய்யாமலே இருந்துவிடலாம் என்பதும் ஓடாது. பழைய பதிப்புகள் ஒரு கட்டத்தில் திறக்காது, பாதுகாப்பு ஓட்டைகளும் அடைபடாது.

ஒரு மதியம் ஒதுக்க முடிந்தால் எதில் தொடங்கலாம்? என் கணக்கில் முதலில் பேக்கப் பூட்டு, அடுத்து இரண்டு அடுக்குச் சரிபார்ப்புக்கான ரகசிய எண் (PIN). இரண்டுமே ஆஃப் நிலையில் வருபவை. பேக்கப் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள், மறந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது. அப்புறம் குழுவில் யார் சேர்க்கலாம் என்பதை 'என் தொடர்புகள்' என்று மாற்றுவது. ஃபேஸ்புக்கில், வேறு தளங்களில் நீங்கள் செய்பவற்றை அது சேகரித்து வைத்திருக்கும் பக்கம் ஒன்று உண்டு. எந்தெந்தக் கடை, எந்தெந்தச் செயலி உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறது என்று பெயர் பெயராக இருக்கும். அழிக்கலாம், இனி என் கணக்கோடு சேர்க்காதே என்றும் சொல்லலாம். சேகரிப்பது நிற்காது, உங்கள் பெயரோடு ஒட்டுவதுதான் நிற்கும். பெரிய அப்டேட் வந்த பிறகு ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது, பழைய பொத்தான் மாறாவிட்டாலும் பக்கத்தில் புதுப் பொத்தான் முளைத்திருக்கும்.

சட்டமும் மெல்ல வருகிறது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில், நடைமுறைக்கு வரும். சம்மதம் என்பது தெளிவான ஒரு செயலால் தரப்பட வேண்டும் என்கிறது சட்டம். ஏற்கெனவே டிக் போட்டு வைத்த கட்டத்துக்கு அதில் இடம் இருக்காது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கத் தேர்வு தர வேண்டும். தமிழ் அதில் ஒன்று. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும்.

சட்டம் வருவதற்கு முன்பே சம்மதம் வாங்கப்பட்டவர்களின் நிலை? 2016-இல் அந்தக் கட்டத்தைப் பார்க்காமலே பெரிய பொத்தானை அழுத்தியவர்களும் இதில் அடக்கம். அவர்களுக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது ஐந்தாவது பிரிவு. ஆனால் அவர்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறும்வரை, நிறுவனம் அந்தத் தகவலைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். அதாவது, டீஃபால்ட் இங்கேயும் ஆன்தான்.